மதுரை மல்லி மொட்டை எந்த மெட்ரிக்கில் அளப்பது?

திருமங்கலம் பக்கத்திலிருந்து வரும் என் எம்.எஸ்சி. மாணவி ஒருவர், கறுப்புத் துணியில் குண்டுமல்லி மொட்டுகளை வரிசையாக வைத்து, மேலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் பூந்தோட்டம். "எங்கப்பா பார்த்தவுடனே சொல்லிருவாரு சார், இது விடியறதுக்கு முன்னாடி பறிச்சது, இது வெயில் ஏறினப்புறம் பறிச்சதுன்னு. அதைக் கணக்கா எழுத முடியுமா?" என்று கேட்டார். கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆய்வேட்டுக்கு அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு மொட்டுகளுக்கு இடையே தூரம் எவ்வளவு? நூறு மொட்டுகளுக்குச் சராசரி மொட்டு எது? விடியற்காலை மொட்டு மாலையில் விரியும் பூவாக மாறும் வழி எது? இந்த மூன்றையும் கேட்ட உடனே நாம் ஜியோடெசிக், வளைமை என்ற இரண்டு சொற்களுக்குள் வந்துவிடுகிறோம் (இரண்டையும் கீழே விளக்குகிறேன்). அங்கே முதலில் செய்ய வேண்டிய தேர்வு, எந்த மெட்ரிக், அதாவது எந்த அளவு விதி என்பது. நாங்கள் முதல் தடவை தவறாகத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் இழந்தோம். இதே மாதிரி வேலையில் இறங்கும் இன்னொருவர் அந்த மூன்று மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு மொட்டின் வெளிக்கோடு ஒரு வளைவரை. உலகத்தில் சாத்தியமான எல்லா வெளிக்கோடுகளையும் ஒரே வெளியாகக் கற்பனை செய்யுங்கள். அந்த வெளியில் ஒரு புள்ளி என்றால் ஒரு முழு மொட்டு. ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல இரண்டு எண், மூன்று எண் போதாது. முடிவில்லாத எண்கள் வேண்டும். இது புதிய எண்ணமும் இல்லை. 1854-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணிதவியலாளர் ரீமான் ஆற்றிய உரையிலேயே, எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு விவரம் தேவைப்படும் வெளிகளும் உண்டு என்று சொல்லி, ஒரு திண்மப் பொருள் எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். அவர் சொன்ன வடிவத்தின் இடத்தில் நாங்கள் ஒரு மல்லி மொட்டை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மெட்ரிக் என்பது செலவுக் கணக்கு. ஒரு வடிவம் துளியளவு மாறினால் அதற்கு எவ்வளவு செலவு என்று சொல்லும் விதி. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை முழுவதும் இந்தச் செலவைக் கூட்டினால் பாதையின் நீளம் கிடைக்கும். ஒவ்வொரு சிறு துண்டிலும் மிகக் குறைந்த நீளத்தில் போகும் பாதைக்கு ஜியோடெசிக் என்று பெயர். பக்கத்துப் பக்கத்தில் கிளம்பிய இரண்டு ஜியோடெசிக்குகள் போகப் போக ஒன்றை ஒன்று நெருங்குமா, விலகுமா என்பதை வளைமை சொல்லும். நேர்க்குறி என்றால் நெருக்கம், எதிர்க்குறி என்றால் விலகல்.

இரண்டு, மூன்று பரிமாணத்தில் வேலை செய்து பழகியவர்களுக்கு மெட்ரிக் தேர்வு பெரிய விஷயமாகத் தெரியாது. முடிவுள்ள பரிமாணத்தில் நீளத்தை அளக்கும் எந்த இரண்டு விதியை (நெறிமத்தை) எடுத்தாலும் ஒன்று இன்னொன்றின் சில மடங்குக்குள் அடங்கிவிடும். மீட்டரில் அளந்தாலும் அடியில் அளந்தாலும் பக்கம் பக்கம்தான், தூரம் தூரம்தான். முடிவிலிப் பரிமாணத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு மெட்ரிக்கில் தொலைவில் இருப்பது இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம்.

தூரம் ஒழுங்காக இருந்தால்கூட, குறுக்கு வழி என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இதை மதுரைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. மீனாட்சி கோயிலின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கத்துக்குச் சுற்றிப் போக வேண்டும். மாசி வீதி வழியாகப் போனால் நீளம் அதிகம். ஆவணி மூல வீதி அதைவிடக் குறைவு, சித்திரை வீதி இன்னும் குறைவு, மதிலுக்கு உள்ளே இருக்கும் ஆடி வீதி எல்லாவற்றிலும் குறைவு. ஊரில் வரிசை அங்கே நின்றுவிடுகிறது. நிற்காமல் உள்ளே உள்ளே வீதிகள் போய்க்கொண்டே இருந்தால்? ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவு. நீளங்கள் ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போகும். ஆனால் அந்த எண்ணையே நீளமாகக் கொண்ட வீதி ஒன்றுமே இருக்காது. 1965-இல் கிராஸ்மன் கொடுத்த எடுத்துக்காட்டு இந்த வகைதான். முடிவில்லாத அச்சுகள் கொண்ட ஒரு நீள்வட்டத் திண்மத்தின் மேற்பரப்பு. முதல் அச்சின் அரைநீளம் 1. மற்ற அச்சுகள் 1-ஐவிடக் கொஞ்சம் பெரியவை, போகப் போக 1-ஐ நெருங்குகின்றன. முதல் அச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொரு அச்சின் பக்கமாகவும் ஓர் அரை நீள்வட்டப் பாதை உண்டு. அவற்றின் நீளங்கள் பை என்ற எண்ணை நோக்கி இறங்குகின்றன, ஒன்றும் அதைத் தொடுவதில்லை. நம் வீதிகள் ஒரே தரையில் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. கிராஸ்மனின் மேற்பரப்பில் ஒவ்வொரு பாதையும் முற்றிலும் புதிய திசையில் கிளம்புகிறது. முடிவில்லாத திசைகள் இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. 1975-இல் ஆட்கின் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜியோடெசிக்குகள் எங்கும் முறியாமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும் வெளியிலேயே, எந்த ஜியோடெசிக்கும் இணைக்காத இரண்டு புள்ளிகள் இருக்கலாம் என்று காட்டினார். முடிவுள்ள பரிமாணத்தில், ஜியோடெசிக்குகள் முறியாமல் போனால் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே மிகக்குறுகிய பாதை உண்டு என்று நாம் பாடத்தில் படிக்கும் ஹாப்ஃப்–ரினோ தேற்றம் இங்கே துணைக்கு வராது.

ஆகவே எந்த மெட்ரிக்கை எடுத்தாலும் அதனிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். வேறு வேறு வடிவங்களுக்கு இடையே தூரம் பூச்சியம் ஆகாமல் இருக்கிறதா? குறுக்குப் பாதை உண்மையில் இருக்கிறதா? பாதை நடுவழியில் முறியாமல் போகிறதா? எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதல் வழி: எல்-2

யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், எங்களுக்கும் இதுதான் தோன்றியது. வெளிக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்த்து, வர்க்கம் எடுத்து, கோட்டின் நீளம் முழுக்கத் தொகையிட வேண்டும். கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வழுக்கினால் வடிவம் மாறாது. ஆகவே செங்குத்துத் திசையில் நகர்வதற்கு மட்டும் செலவு. எளிமை, நியாயமாகவும் தெரிகிறது.

அந்தப் பெண் நிரல் எழுதினார். ஒரு மொட்டின் வெளிக்கோட்டில் 50 புள்ளி வைத்தார். ஒரு தூரம் வந்தது. துல்லியம் வேண்டுமே என்று 100 ஆக்கினார், தூரம் குறைந்தது. 200 ஆக்கினார், இன்னும் குறைந்தது. "எங்கேயும் நிக்க மாட்டேங்குது சார்" என்றார். நிரலில் பிழை என்று நான் நினைத்தேன். இருவரும் வரி வரியாகத் தேடினோம். பிழையே இல்லை. அந்த மெட்ரிக்கில் எந்த இரண்டு வெளிக்கோடுகளுக்கும் இடையே உண்மையான தூரமே பூச்சியம்தான். பீட்டர் மிச்சோரும் டேவிட் மம்ஃபோர்டும் 2005, 2006-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதை நிரூபித்திருக்கிறார்கள். நான் முன்பே படித்திருக்க வேண்டியது.

எப்படிப் பூச்சியம் ஆகிறது என்பதை ஒரு தாளில் வரைந்தே பார்த்துவிடலாம். ஒரு கோட்டை மேலே நகர்த்த வேண்டும். நேராக நகர்த்தினால் முழுச் செலவு. அதற்குப் பதிலாகக் கோட்டிலிருந்து ரம்பப் பல் மாதிரி மெல்லிய கூர்கள் முளைத்து, நீண்டு, இலக்கைத் தொடட்டும். பிறகு பற்களுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் நிரம்பட்டும். பல்லின் பக்கவாட்டுக் கோடு கிட்டத்தட்ட நகரும் திசையிலேயே நிற்பதால் அதன் செங்குத்து நகர்வு மிகக் குறைவு. பற்களை n மடங்கு நெருக்கினால் கோட்டின் நீளம் சுமார் n மடங்கு கூடும். செங்குத்து வேகம் 1/n ஆகும். வர்க்கம் எடுத்தால் 1/n². பெருக்கினால் செலவு 1/n. பல்லை நெருக்க நெருக்கச் செலவு பூச்சியத்தை நோக்கிப் போகிறது. புள்ளிகளைக் கூட்டக் கூட்ட எங்கள் நிரல் இன்னும் நெருக்கமான பல்லைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இடைவடிவங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது மொட்டின் ஓரம் முழுக்க நுண்ணிய முள் முள்ளாக இருந்தது. அது நிழற்படத்தின் கரகரப்பு என்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்தோம்.

இதை வளைமையின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவு. வளைமை 1 உள்ள கோளத்தில் ஒரு துருவத்திலிருந்து கிளம்பும் கோடுகள் பை தூரத்தில் மறுபடி சந்திக்கும். வளைமை 100 என்றால் பையில் பத்தில் ஒரு பங்கு தூரத்திலேயே சந்தித்துவிடும். எல்-2 மெட்ரிக்கில் வெளிக்கோடுகளின் வெளிக்கு எந்தத் திசையிலும் வளைமை எதிர்க்குறி ஆகாது. அதைவிட முக்கியம், அந்த வளைமைக்கு உச்ச வரம்பே கிடையாது. எவ்வளவு குறுகிய பாதையை எடுத்தாலும் அதைவிட வளைந்த திசை ஒன்று இருக்கிறது, அங்கே அதைவிடக் குறுக்கான வழி கிடைக்கிறது. முடிவுள்ள பரிமாணத்தில் இப்படி நடக்க இடமே இல்லை.

மிச்சோரும் மம்ஃபோர்டும், வளைவு அதிகமான இடத்தில் செலவைக் கூட்டி இதற்கு ஒரு மாற்றும் கொடுத்தார்கள். பல் முளைத்தால் செலவு ஏறும். தூரம் பூச்சியம் ஆகாமல் காப்பாற்ற அது போதும். எங்கள் வேலைக்கு அது தேவைப்படவில்லை. எல்-2 மட்டும் என்ற தேர்வை யாரும் எடுக்க வேண்டாம். எவ்வளவு நல்ல கணினி வைத்திருந்தாலும் சரி.

வட்டத்தை வைத்து ஒரு சோதனை

மற்ற வழிகளுக்குப் போகும் முன் கையாலேயே செய்யக்கூடிய ஒரு கணக்கு. அடுத்த தேர்வுகள் எல்லாவற்றையும் இதில் உரசிப் பார்க்கலாம். ஒரு வட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி ஒரு புள்ளியாக்க எவ்வளவு செலவு?

ஆரம் r. எல்-2 செலவில் ஆரம் மாறும் வேகத்தின் வர்க்கத்தோடு 2பை r பெருக்கினால் போதும். செலவில் வகைக்கெழுவையும் சேர்த்தால், வட்டத்தின் மேல் ஒவ்வொரு முறை வகைக்கெழு எடுக்கும்போதும் ஒரு r கீழே வந்து வகுக்கும். ஆகவே முதல் வகைக்கெழுவின் வர்க்கத்துக்கு 2பை/r, இரண்டாம் வகைக்கெழுவின் வர்க்கத்துக்கு 2பை/r³. வர்க்கமூலம் எடுத்து 1-லிருந்து 0 வரை தொகையிடுங்கள். முதல் வகைக்கெழு உறுப்பு மட்டும் என்றால் விடை சுமார் 5.01. முடிவுள்ள எண். அதாவது மொட்டு ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்துபோக ஒரு முடிவான தூரம் போதும். இரண்டாம் வகைக்கெழு என்றால் r-இன் அடுக்கு −3/2, தொகையீடு விரிந்துபோகிறது. புள்ளியை அடைய முடிவில்லாத தூரம் போக வேண்டும்.

பள்ளிக்கூடத் தொகை நுண்கணிதம்தான் இது. ஒரு வெளிக்கு ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை இவ்வளவு எளிய கணக்கு சொல்லிவிடுகிறது என்பது இன்னும் எனக்குச் சந்தோஷம் தருகிறது.

இரண்டாம் வழி: மீள்தன்மை மெட்ரிக்

ரப்பர் நூலை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் ஒரு செலவு, வளைத்தால் ஒரு செலவு. இது முதல் வகைக்கெழுவைச் சார்ந்த மெட்ரிக். லோரான் யூனஸ் 1998-இலேயே இந்தத் திசையில் கணக்கிடக்கூடிய தூரங்களைக் கொடுத்தார். இன்று அதிகம் பயன்படும் வடிவம் 2011-இல் அனுஜ் ஸ்ரீவாஸ்தவா, எரிக் கிளாசன், ஷாந்தனு ஜோஷி, இயன் ஜெர்மின் நால்வரும் எழுதியது. வளைவரையின் ஒவ்வொரு இடத்திலும் அதன் திசைவேகத்தை எடுத்து, அதன் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்துவிட வேண்டும். இப்படி மாற்றிய உடனே அந்தச் சிக்கலான மெட்ரிக் சாதாரண எல்-2 ஆகிவிடுகிறது. முனை திறந்த வளைவரைகளுக்கு வெளி தட்டையாகவே ஆகிவிடுகிறது, வளைமை பூச்சியம். எல்லா வளைவரைக்கும் நீளம் 1 என்று வைத்தால் ஓர் அலகுக் கோளம். கோளத்தில் ஜியோடெசிக் பெருவட்ட வில். யாரும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மேற்பரப்பில் இரண்டு புள்ளிக்கு இடையே கோணம் எவ்வளவோ அதுதான் தூரம்.

முதல் வழியில் பூச்சியம் ஆக்கும் கூத்தை எல்-2 நடத்தியதே, இங்கே நடக்காதா என்று கேட்கலாம். நடக்காது. இங்கே எல்-2 அளப்பது திசைவேகத்திலிருந்து வந்த சார்பை. பல் முளைத்தால் திசைகள் ஒரேயடியாகத் திரும்ப வேண்டும், அதற்குச் செலவு உண்டு.

மல்லிக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை மொட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். மேலே தடித்த இதழ்கள் சுருண்ட குண்டுப் பகுதி, கீழே குழல், அதற்கும் கீழே காம்பு முறிந்த இடம். ஒரு மொட்டில் குழல் நீளம், இன்னொன்றில் குட்டை. சம இடைவெளியில் புள்ளி வைத்து முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு பொருத்தினால் ஒன்றின் குழல் இன்னொன்றின் குண்டோடு போய்ச் சேரும். மீள்தன்மை மெட்ரிக் குழலை இழுத்துக் குழலோடு, குண்டைக் குண்டோடு பொருத்தும். பூ கட்டுபவர் கண் செய்வதும் அதுதான்.

பொருத்தத்தைத் தேடுவதில்தான் நேரம் போகும். வழக்கமாக, சின்னச் சின்னத் துண்டுகளின் விடையைச் சேர்த்து முழு விடை காணும் இயங்குநிலை நிரலாக்க முறையில் செய்கிறார்கள். புள்ளிகளை இரட்டித்தால் வேலை நான்கு மடங்கு. மூடிய வளைவரை என்றால் எங்கே தொடங்குவது என்று ஒவ்வொரு புள்ளியிலும் தொடங்கிப் பார்க்க வேண்டும், அப்போது எட்டு மடங்கு. இதில் அந்தப் பெண் சொன்ன ஒரு யோசனை மொத்த வேலையையும் சுருக்கிவிட்டது. "காம்பு முறிச்ச இடம்தான் எல்லா மொட்டிலயும் இருக்கே சார், அங்கேயிருந்து ஆரம்பிச்சா என்ன?" காம்பு முறிந்த இடத்தின் இடது ஓரத்தில் கிளம்பி, நுனியைச் சுற்றி, வலது ஓரத்தில் முடித்தால் மொட்டின் வெளிக்கோடு முனை திறந்த வளைவரை. தொடக்கப் புள்ளியைத் தேடவும் வேண்டாம், வளைவரை மூட வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. தோட்டத்தில் வளர்ந்த கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

குறைகள் உண்டு. நீளத்தை 1 ஆக்கினால் மொட்டின் அளவு கணக்கிலிருந்து போய்விடுகிறது; பூ மார்க்கெட்டில் அளவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அளவைத் தனியே ஓர் எண்ணாக எழுதிவைத்துக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். இன்னொன்று, வட்டச் சோதனை சொன்ன ஓட்டை. இரண்டு வளைவரையில் ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்கள் நேர் எதிர்த் திசையில் இருந்தால், நடுவழியில் அந்தப் பாகம் பூச்சியம் ஆகிச் சுருங்கி மறைந்து மறுபடி முளைக்கும். மொட்டுகளில் இது அபூர்வம். ஆனால் கீழடி மாதிரி இடத்தில் கிடைக்கும் பானை ஓடுகளின் வாய் விளிம்பை ஒருவர் இந்த முறையில் ஒப்பிட நினைத்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உள்ளே மடிந்த விளிம்பும் வெளியே மடிந்த விளிம்பும் எதிர்த் திசைகள்தானே.

மூன்றாம் வழி: இரண்டாம் வரிசை சோபொலெவ்

வட்டச் சோதனையில் முழுதாகத் தேறியது இது. நகர்வு, அதன் இரண்டாம் வகைக்கெழு இரண்டுக்கும் செலவு வைக்கிறோம் (இப்படி வகைக்கெழுவுக்கும் செலவு வைக்கும் மெட்ரிக்குக்குத்தான் சோபொலெவ் என்ற கணிதவியலாளரின் பெயர்). விரும்பினால் முதல் வகைக்கெழுவுக்கும். 2014-இல் மார்ட்டின்ஸ் புருவெரிஸ், மிச்சோர், மம்ஃபோர்டு மூவரும், மாறாத குணகங்களோடு (ஒவ்வொரு செலவுக்கும் கொடுக்கும் எடை) இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வரிசை உள்ள மெட்ரிக்கில் தள வளைவரைகளின் ஜியோடெசிக்குகள் முறியாமல் எப்போதும் தொடரும் என்று நிரூபித்தார்கள். அதைத் தொடர்ந்து, போதிய அளவு வகையிடக்கூடிய வளைவரைகளின் வெளியில் (சோபொலெவ் வெளி) எடுத்துக்கொண்டால், இணைக்கக்கூடிய இரண்டு வளைவரைகளுக்கு இடையே மிகக்குறுகிய பாதை இருப்பதும் நிறுவப்பட்டது. கிராஸ்மனின் வீதிகள் இங்கே தொல்லை தராது. மூன்று கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்வது, நான்கில், வளைவரையையே நேராக அளக்கும் முறைகளில் இது ஒன்றுதான்.

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? கணக்கிடுவது கடினம். பெருவட்ட வில் போல எழுதிவைத்த விடை இல்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பெரிய மீச்சிறு மதிப்புக் கணக்கைத் தீர்க்க வேண்டும். வளைமைக்கான சமன்பாடு பக்கக்கணக்கில் நீளும்.

அதைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அலகு. மொட்டின் குண்டுப் பகுதிக்கு ஆரம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குணகத்தையும் 1 என்று வைத்து மில்லிமீட்டரில் கணக்குப் போட்டால், வட்டச் சோதனையின்படி இரண்டாம் வகைக்கெழு உறுப்பு எல்-2 உறுப்பில் r-இன் நான்காம் அடுக்கால் வகுத்த அளவு, அதாவது 625-இல் ஒரு பங்கு. பெயருக்குத்தான் இரண்டாம் வரிசை. வட்டம் பெருகிச் சுருங்கும் வரையில் நீங்கள் பழைய எல்-2-ஐத்தான் ஓட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். அதே மொட்டைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஆரம் 0.5. இப்போது இரண்டாம் உறுப்பு எல்-2-ஐப் போல 16 மடங்கு. மொட்டு அதே மொட்டு, நிரல் அதே நிரல். வெளியின் வடிவமே வேறு. குணகத்துக்கும் அலகு உண்டு என்பதை நிரலின் முதல் வரியிலேயே எழுதிவைப்பது நல்லது. இரண்டு உறுப்பும் ஒரே எடையில் நிற்க வேண்டும் என்றால் மில்லிமீட்டர் கணக்கில் இரண்டாம் குணகத்தை 625 என்று வைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வெறும் 1, 1 என்று வைத்து ஓட்டுவதைவிட இரண்டாம் வழியில் நிற்பது மேல்.

நான்காம் வழி: தளத்தையே நகர்த்துவது

இது முற்றிலும் வேறு மாதிரி. வளைவரையைத் தனியாக நகர்த்தாமல், அது கிடக்கும் தளம் முழுவதையும் ஒரு திரவம் மாதிரி ஓட விடுவது. மொட்டு அந்த ஓட்டத்தில் மிதந்து வேறு மொட்டாகும். ஓட்டம் போதிய வழவழப்போடு இருந்தால் கோடு தன்னையே வெட்டிக்கொள்ளாது, எந்தப் பாகமும் சுருங்கி மறையாது. மூளை ஸ்கேன்களை ஒப்பிடுவதற்காக கிரெனாண்டர், மில்லர், ட்ரூவே, யூனஸ் போன்றவர்கள் வளர்த்த முறை இது.

இதன் வேர் 1966-இல் இருக்கிறது. மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டு. அமுங்காத, பாகுத்தன்மை இல்லாத திரவத்தின் ஓட்டத்துக்கு ஆய்லர் எழுதிய சமன்பாடு, பரப்பளவைக் காக்கும் உருமாற்றங்களின் குழுவில் ஒரு ஜியோடெசிக்தான் என்று ரஷ்யக் கணிதவியலாளர் ஆர்னால்டு காட்டினார். பெருக்கெடுத்த வைகையில் ஒரு சருகு போகும் வழிக்குப் பின்னால் முடிவிலிப் பரிமாண வெளியின் குறுக்கு வழி இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும். அந்த வெளியில் பல திசைகளில் வளைமை எதிர்க்குறி. ஆகவே பக்கத்துப் பக்கத்தில் கிளம்பிய ஓட்டங்கள் மடங்கு மடங்காக விலகுகின்றன. அதை வைத்து ஆர்னால்டு ஒரு கணக்குப் போட்டார்: வானிலையை இரண்டு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், தொடக்க நிலையை நமக்குத் தேவைப்படும் துல்லியத்தைவிட ஐந்து இலக்கம் அதிகத் துல்லியத்தோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மொட்டு வேலைக்கு இதை எடுக்கலாமா? வெளிக்கோடு மட்டும் போதும் என்றால் இது தேவைக்கு மீறியது. ஓர் இடம் நகர்ந்தால் சுற்றிலும் எவ்வளவு தூரம் சேர்ந்து நகரும் என்பதைச் சொல்லும் கருச்சார்பின் அகலம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது மொட்டின் அகலத்தோடு பொருந்த வேண்டும், ஒவ்வொரு ஜோடிக்கும் நேரம் ஆகும். ஆனால் இதழ் இதழின் மேல் சுருண்டு கிடக்கும் மடிப்புக் கோடுகளையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், மற்ற மூன்றும் கைகொடுக்காது. வெளிக்கோடும் உள்மடிப்பும் ஒன்றாக நகர வேண்டும், ஒன்றை ஒன்று தாண்டக் கூடாது. அதற்கு இந்த வழிதான்.

எதை எடுத்தோம்

சராசரி மொட்டு வேண்டும் என்பது எங்கள் முக்கியத் தேவை. இங்கேதான் வளைமை நேரடியாகத் தேர்வுக்குள் வருகிறது. தன்னையே சுற்றி மூடிக்கொள்ளாத, ஓட்டையில்லாத வெளி தட்டையாகவோ எதிர்க்குறி வளைமையோடோ இருந்தால் அங்கே சராசரி ஒன்றே ஒன்று. கோளத்தில் அப்படி இல்லை. இரண்டு துருவங்களுக்கு நடுப்புள்ளி எது என்று கேட்டால் நிலநடுக்கோடு முழுவதும் விடை. அலகுக் கோளத்தில் எல்லாப் புள்ளிகளும் பை/2-க்குக் குறைவான ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள் இருந்தால் சராசரி தனித்து நிற்கும். மீள்தன்மை மெட்ரிக்கில் சுழற்சி, பொருத்தம் இரண்டையும் விலக்கிவிட்டு மீதியைப் பார்க்கும்போது வளைமை இன்னும் ஏறலாம், குறையாது. 1966-இல் ஓ'நீல் தந்த சமன்பாடு அதைத்தான் சொல்கிறது. ஆகவே பை/2 என்பதை நம்பி எல்லை வரை போகக் கூடாது, மொட்டுகள் அதைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரே தோட்டத்து மொட்டுகள் அப்படி நெருக்கமாகத்தான் இருந்தன. மொட்டையும் முழுதாக விரிந்த பூவையும் ஒரே குவியலில் போட்டுச் சராசரி எடுத்தால் நிலைமை வேறு, அதைச் செய்யவில்லை.

இதனால் நாங்கள் எடுத்தது இரண்டாம் வழி. காம்பு முறிந்த இடத்தில் தொடங்கும் திறந்த வளைவரை, நீளம் 1, அளவு தனி எண். பைத்தான், ஆர் (R) என்ற இரண்டு நிரல்மொழியிலும் இதற்கு இலவச நிரல்தொகுப்பு கிடைப்பதும் ஒரு காரணம். கல்லூரிக் கணினி அறையில் வேறு வசதி எதுவும் தேவைப்படவில்லை. இப்போது 50 புள்ளிக்கும் 100 புள்ளிக்கும் 200 புள்ளிக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் நிற்கிறது.

விடியற்காலையிலிருந்து மணிக்கு ஒரு படம் எடுத்து, முதல் சில படங்களை வைத்து மாலை வடிவத்தை முன்கூட்டிச் சொல்வது அடுத்த வேலை. அதற்கு இரண்டாம் வழி போதாது என்று நினைக்கிறேன். பாதையை நீட்டிக்கொண்டே போகும்போது முறியாத வெளி வேண்டும். மொட்டு பருப்பதும் கணக்கில் இருக்க வேண்டும். அப்போது மூன்றாம் வழிக்கு மாறுவோம், சென்டிமீட்டரில், குணகங்களை முதல் வரியில் எழுதிவைத்து. செடியிலேயே மொட்டை விட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் காம்பு முறிந்த இடம் என்ற அடையாளம் இருக்காது. குழலின் அடியில் மெல்லிய நூல் ஒன்றைக் கட்டிக் குறி வைக்கலாம் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். மல்லிச் சரம் கட்டும் நாரே போதுமாம்.